பின்சக்கரத்துக் கல்

அபூபக்கர் முதலாளியின் அம்பாசடர் நேற்று ராத்திரியும் கூவியதை மட்டாஞ்சேரியில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முதலாளி சொன்னார். சுக்குக் கோடவுன் வாசலில் நின்று, டிரைவர் இசக்கிமுத்துவிடம், குரலை உயர்த்தாமல்.

"இன்னைக்கும் கூவுச்சுன்னா நாளைக்கு வண்டிச் சாவியக் குடுத்துரு. ரூம் சாவியையும் சேத்து."

"அந்த அலாரப் பொட்டியக் கழட்டிட்டாத் தீந்துச்சு மொதலாளி."

"மச்சான் துபாய்லேர்ந்து கொண்டாந்தது. வெள்ளிக்கெழம விருந்துக்கு வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பாரு. கழட்டியாச்சுன்னு ஜலீலாகிட்ட நீ சொல்றியா?"

இசக்கிமுத்து சொல்வதாக இல்லை. முதலாளியின் மனைவி ஜலீலாவின் அண்ணன் கொடுத்ததைக் கழற்றினால் அந்த வீட்டில் அடுத்த பிரியாணி எப்போது வேகும் என்பது அவனுக்கும் தெரியும்.

வண்டியை யாராவது அசைத்தால் கூவ வேண்டும், அதுதான் பெட்டியின் வேலை. ஆனால் யாரும் அசைக்கவில்லை. முதலில் ஆடுகளைச் சந்தேகித்தான். மட்டாஞ்சேரி ஆடுகளுக்குச் சூடான பானட் கிடைத்தால் வேறு மெத்தை வேண்டாம். படல் கட்டி அடைத்தான், கூவியது. எலிப்பொறி வைத்தான், எலி விழுந்தது, வண்டி கூவியது. தோப்பும்படியிலிருந்து வந்த ஒயரிங் ராசப்பன் எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டு, "வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல அண்ணாச்சி. ஆளுக்குத்தான் என்னமோ" என்று சாயா குடித்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூவுவதில்லை. எலிகள் வார விடுமுறை எடுப்பதில்லை என்பதால் அவற்றை விடுதலை செய்தான்.

எதிர்மாடி ராமபத்ரன் பாலக்காட்டுக்காரர். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அவருடைய தூக்கம் கெட்டதும் முறையாகத்தான் கெட்டது.

"போன வாரம் நான் படுத்த ஒடனே கத்தித்து. அப்பறம் நடுராத்திரி. இப்போ பால்காரனுக்குக் கொஞ்சம் முன்னாடி. காயல்ல தண்ணி ஏறறாப்பல தெனம் தள்ளித் தள்ளின்னாடா போறது!"

அவர் வயிற்றெரிச்சலில் சொன்னது இசக்கிமுத்துவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. வண்டி நிற்கும் கோடவுன் முற்றத்துக்கு அந்தப்புறம், கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் காயல்தான். நேரே வண்டியின் பின்னால் போய்க் குனிந்தான். பின்சக்கரத்தில் அவன் அணை கொடுத்திருந்த கருங்கல் பாதி புதைந்திருந்தது. பெயர்த்தான். குழியில் தண்ணீர் ஊறியது.

தண்ணீர் ஏறும்போது மண் இளகுகிறது. கல் இறங்குகிறது. கல்லை நம்பி நிற்கும் வண்டி ஒரு மயிரிழை நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வெளியே போவதில்லை, கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பதும் இல்லை. ஏற்கெனவே இறங்கிய கல் மேலும் எங்கே இறங்கும்?

மட்டாஞ்சேரியில் எலுமிச்சம்பழம் உருளக்கூடச் சரிவு கிடையாது. ஆனால் இசக்கிமுத்து ஆரியங்காவு மலைப்பாதையில் லாரி ஓட்டியவன். ஒரு தடவை கல் வைக்காமல் சாயா குடிக்க இறங்கினான். லாரி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. கீழே வளைவில் அப்போது யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ற யோசனையை அவன் இன்றுவரை முடித்ததில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியை நிறுத்தினாலும் கல்தான். ஹேண்ட் பிரேக்கை இழுப்பதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கியரில் போட்டான். இறங்கிப் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தான். கல்லைக் கழுவி ரூமுக்குள் கொண்டுபோனான்.

"தலமாட்டுலயா வைப்பிய?" என்றாள் அவன் மனைவி சந்தனமாரி.

"இருக்கட்டும்ட்டி."

"எனக்கும் ஒண்ணு கொண்டாங்க, சோடியாப் படுத்துக்கிடலாம்."

அவள் தூங்கிவிட்டாள். தெருவே தூங்கியது. விடிவதற்கு முன், தண்ணீர் ஏறும் நேரத்துக்கு, இசக்கிமுத்து எழுந்து போய் வண்டியின் பின்னால் குத்தவைத்தான். கல் இருந்த இடத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. எதிர்மாடியில் ஜன்னல் திறந்தது.

"என்னடா, இன்னும் கத்தல?"

"இல்ல சாமி."

"அப்பறம் நான் எப்படித் தூங்கறது?"

ஜன்னல் மூடவில்லை. காயலில் படகு ஒன்று இலேசாகக் கரையில் மோதியது. இசக்கிமுத்து உள்ளங்கையை விரித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், அதைத் தொடாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.