பதினான்கு பிறப்புகள்

...பறவை எச்சமாகத்தான் இருக்கும், ரேடியோ தொலைநோக்கியின் ஏதாவது ஒரு ஆன்டெனாவில் உட்கார்ந்து வேலையைக் காட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள் பெலார்மினா, ஆனால் மனிதனுக்கே மூச்சு முட்டுகிற அத்தகாமா மேட்டுக்கு எந்தப் பறவை மெனக்கெட்டு வரும், அதுவும் பதினான்கு இடத்தில், வட்டம் போட்டு? திரையில், தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவே, பதினான்கு புள்ளிகளும் அசையாமல் இருந்தன. பத்து வருடமாக அவள் அடித்துச் சொல்லிவந்தது இதுதான்: அந்த விண்மீன் மண்டலத்தின் நடுவே புது நட்சத்திரம் எதுவும் பிறக்கவில்லை, தூசி தகிப்பதெல்லாம் கருந்துளை தின்றுவிட்டு விடுகிற ஏப்பம். இல்லை, நட்சத்திரங்கள்தான் என்று தூசியின் சூட்டைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தோடு வந்தவன் லியோகாதியோ, அப்போது அவள் கணவன். போர்வையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே படுத்திருப்பது யாரென்று சொல்கிறார் என்று கொன்செப்சியோன் நகரக் கருத்தரங்கில் அவள் சொல்ல, இருநூறு பேர் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை, விவாகரத்து அதனால் அல்ல, முழுக்க அதனால் அல்ல... இப்போது தூசியை ஊடுருவும் ரேடியோ அலை, அவளே கெஞ்சி வாங்கிய ஆறு மணி நேரத் தொலைநோக்கி வாய்ப்பு, போர்வையை விலக்கிக் காட்டிவிட்டது.

"டாக்டர், காலையிலேர்ந்து அதையே முறைக்கிறீங்க, பாவம், பயந்துடப்போகுது" என்றார் ஆன்டெனாக்களை இயக்கும் டான் அபெலார்தோ, இறைச்சி அடைத்த எம்பனாதாவை மென்றபடி. கருவிக் கோளாறாக இருக்குமோ என்று கேட்டாள். "மூணு தடவ பாத்தாச்சு. கருவி நல்லாத்தான் இருக்கு, உங்க மூஞ்சிதான் சரியில்ல."

மறைத்துவிட்டால்? ஒரு வருடத்தில் தரவு எல்லோருக்கும் திறந்துவிடும், அவன்தான் முதலில் பார்ப்பான், அதற்கு இப்போதே அவமானப்படலாம், சூடு ஆறுவதற்குள்... போனை எடுத்தாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றான் லியோகாதியோ.

"யாரும் சாகல. பொறந்திருக்கு. நடுவுல, பதினாலு. நான் சொன்னது தப்பு."

பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத வாக்கியம். கும்மாளம் போடுவான் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.

"இரு, உக்காந்துக்கறேன்" என்றான். பெருமூச்சு. பிறகு, "வெறும் பதினாலுதானா? நான் இருபதுன்னு கணக்குப் போட்டிருந்தேனே."

"பதினாலுதான்! எண்ணத் தெரியாதா எனக்கு?"

"மங்கலா இருக்கறத விட்டிருப்ப. நீ எப்பவுமே அப்படித்தான்."

"நீ இல்லாததையும் சேர்த்து எண்ணுவ, அதுவும் எப்பவுமே!"

டான் அபெலார்தோ தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார். பேனா எடுத்துவருகிறேன், ஒவ்வொன்றாகச் சொல்லு, போனை வைத்துவிடாதே என்று அவன் போக, அவள் காத்திருந்தாள், தோற்றவளுக்கு எதற்கு இந்தச் சிரிப்பு, நட்சத்திரத்துக்கா, எதற்கு... அப்போதுதான் உறைத்தது, இதற்கு ஒரு வரி மின்னஞ்சல் போதுமே, ஏன் இவ்வளவு நேரமும் அது தோன்றவே இல்லை...