பதினெட்டு மீட்டரில் தம்பி

அக்கா கடலாய்வு நிலையத்தின் இணையப் பக்கத்தை எழுதுகிறவள். தம்பி அதே நிலையத்தில் முக்குளிப்பவன். கருவி பூட்டிய மீன்களும் ஆமைகளும் கடலில் எந்த ஆழத்தில் இருக்கின்றனவோ, அவளுடைய பக்கத்தின் நீலத்திலும் அதே ஆழத்தில், பெயரோடு, மெல்ல மிதக்கும்.

அம்மாவுக்கு மகனின் வேலை பிடிக்கவில்லை. அவன் மேலே வந்துவிட்டான் என்று போன் வரும்வரை அவளுக்கு வேலை ஓடாது.

"என்னையும் அதுல மிதக்க விடேன்க்கா. அம்மா பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றான் தம்பி.

அவன் மணிக்கட்டுக் கருவியும் ஆழம் சொல்லும். அதை இணைத்தாள். ஓட்டுவதற்கு முன் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. மீனுக்குப் பெயர், ஆழம், இனம். இவனுக்குப் பெயர், ஆழம், மீதிக் காற்று. மீனை மிதக்க வைக்க எழுதிய நிரல்துண்டான ஃபங்ஷன் இவனை ஏற்காது.

"இவனுக்குத் தனியா ஒண்ணு எழுதிடும்மா" என்றார் பக்கத்து மேசை மீசைக்காரர்.

"ஆமைக்கே அப்படித்தான் சார் எழுதினேன். நாளைக்குப் படகுக்கும் கேப்பாங்க."

மீன்தொட்டியைத் தாண்டி வந்த வெயில் மேசைமேல் நெளிந்தது. அரைத்தூக்கத்தில் இருப்பவள் போல அந்த ஃபங்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இனத்தைத் தொடவே இல்லை. பெயரையும் ஆழத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. முதல் வரியைத் திருத்தினாள்: இவை இரண்டும் இருந்தால் போதும், கூட எது இருந்தாலும் இருக்கட்டும். கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. ஆமைக்கு எழுதியதை அழித்தாள்.

மறுநாள் மதியம் அம்மா கூப்பிட்டாள்.

"பதினெட்டு மீட்டர்ல நிக்கிறான்டி. அசையவே இல்ல. பக்கத்துல ஒரு ஆமையோட பேரு."

காற்றின் அளவைப் பக்கம் காட்டாது, ஆனால் அவனுடைய தகவலோடு அதுவும் வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா அதைத் திறந்து பார்த்தாள்.

"பாதிக்கு மேல காத்து இருக்கும்மா. வேடிக்கை பாக்குறான்."

இருவரும் போனை வைக்காமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலத்தில் ஆமை நகர்ந்தது. சற்றுப் பொறுத்து அவன் பெயரும் அதன் பின்னால் நகர்ந்தது. பதினேழு, பதினாறு. கூட்டமாக வந்த மீன்களின் பெயர்களுக்குள் மறைந்து வெளியே வந்தான். அம்மாவின் மூச்சு போனில் சீராகக் கேட்டது.

மாலையில் ஈரத் தலையோடு வந்தவனிடம் அம்மா வழக்கமான திட்டு எதையும் எடுக்கவில்லை.

"அந்த ஆமை எங்கடா போச்சு?"

"பாறைக்கு அடியில படுத்துக்கிச்சும்மா."

"பெருசா?"

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அம்மா நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.