சோபா பறந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குச் சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போயும்விடும் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது பாதி உண்மை. ஏரிப் போட்டிக்கு முன்னால் வந்த கோபம் மட்டும் போகாமல் அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. காரணம் என் சகலை.

அவள் தங்கையைக் கட்டியவன். லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும்தான் பிழைப்பு என்பதாலோ என்னவோ, உடம்பில் சதை ஒட்டவே இல்லை. நான் அவனைத் தீக்குச்சி என்று கூப்பிடுவேன். நான் சோபாவுக்கு உறை தைக்கிறவன், உடம்பும் கிட்டத்தட்ட அதே வாகு. அதனால் ஏரிக்கரைச் சங்கத்தில் என் பெயர் சோபா. பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் பேச விஷயமில்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாப்பிள்ளைகள் நாங்கள். ஏரியில் பாய்ப்பலகை ஓட்டப் போய்த்தான் ஒட்டிக்கொண்டோம். பலகை மேல் நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றில் போவது. அன்று பிடித்த கிறுக்கு இருவரையும் விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களைத் தேடுகிறவர்கள் நேராக ஏரிக்கு வந்துவிடுவார்கள்.

பலத்த காற்றில் நான் ராஜா. இந்த உடம்பை எந்தக் காற்றும் அசைக்காது. ஆனால் ஃபாயில் என்று ஒன்று வந்தது, என் ராஜ்ஜியம் போச்சு. பலகைக்கு அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் குட்டி விமானம் போல இறக்கை. வேகம் பிடித்தால் இறக்கை தண்ணீருக்குள் இருந்தபடியே பலகையை மேலே தூக்கிவிடும். அப்புறம் சத்தமே இருக்காது. துணி உலர்த்தக்கூடப் போதாத காற்றிலும் சகலை தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு போவான். நான் கரையோரமாக நின்று கொசு அடிப்பேன்.

நானும் ஒன்று வாங்கினேன். இருப்பதிலேயே பெரிய இறக்கை. "இதுல ஒரு குடும்பமே பறக்கலாம்" என்றான் கடைக்காரன். குடும்பம் பறக்குமோ என்னவோ, நான் விழுந்தேன்.

விழுந்ததற்குக் காரணம் என் அனுபவம்தான். பழைய பலகையில் காற்று திடீரென்று ஓங்கினால் பின்னால் சாய்ந்து பின்காலை அழுத்த வேண்டும். இத்தனை வருஷமும் அதைச் செய்தே என் கால் பழகிவிட்டது. ஃபாயிலில் அதே வேலையைச் செய்தால் பலகையின் மூக்கு வானத்தைப் பார்க்கும், இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வரும், அதற்குப் பிறகு பிடிமானம் ஏது? தொபுக்கடீர். காற்று ஓங்கும்போது எடையை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. புதிதாக வந்தவர்கள் யாரும் இப்படி விழுவதில்லை, என்னைப் போன்ற பழைய பெருச்சாளிகள்தான் விழுகிறோம்.

எங்கள் ஏரியின் காற்று வேறு ஒரு தினுசு. சும்மா கிடக்கும், திடீரென்று அறையும், மறுபடி செத்துப்போகும். அறையும்போது பாயை நாலைந்து முறை விசிறி எழும்ப வேண்டும். அது போனபிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் மிச்சமிருக்கும் வேகத்திலேயே அடுத்த காற்று வரை ஓட்டிவிடலாம். கொஞ்சம் உடம்பை ஆட்டினாலும் பலகை கீழே வந்துவிடும். என்னைப் போல கனத்தவன் ஒருமுறை கீழே வந்தால் மறுபடி எழும்ப நல்ல காற்றாக வரவேண்டும். சகலைக்கு யாராவது தும்மினால் போதும்.

போட்டி ஜோடிப் போட்டி. இரண்டு பேராகப் புறப்பட்டு, நடு ஏரியில் மிதக்கும் சிவப்பு உருளையைச் சுற்றிக்கொண்டு கரை திரும்ப வேண்டும். ஜோடியில் கடைசியாக வருகிறவனின் நேரம்தான் கணக்கு. அதாவது நான் எத்தனை முறை விழுகிறேனோ அத்தனையும் அவன் தலையில் விடியும்.

போட்டிக்கு ஒரு மாசம் முன்னால், சங்கத்துக் கொட்டகையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அடுக்கி வைத்த பலகைகளுக்கு அந்தப் பக்கம் சங்கச் செயலாளரின் குரல்.

"எத்தனை வருஷம்தான் சோபாவைச் சுமப்பே? நம்ம பல் டாக்டரம்மாவுக்கு ஜோடி இல்ல. அவங்களும் உன்னை மாதிரி காகிதம். ரெண்டு பேரும் சேர்ந்தா கோப்பை உங்களுக்குத்தான், எழுதி வச்சுக்கோ."

பதில் சொன்னது சகலை. "இந்த வருஷம் அவரோடதான் சார். அடுத்த வருஷத்துக்கு யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கிறானாம்! என் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று காரில் வீடு திரும்புகிற வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பாவம், எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் காட்டச் சொன்னான். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

வீட்டில் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அவர்கிட்டயே நேரா கேட்க வேண்டியதுதானே?"

"நான் ஏன் கேட்கணும்?"

"அப்ப விழாம ஓட்டுங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா மட்டும் பறந்துருமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. இருந்தாலும் பட்டறையில் துணி வெட்டுவது அவள், தைப்பது நான். அவள் கத்தரிக்கு எதிரே நின்று வாதாடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் பட்டறையைச் சாத்தியதும் தரையில் இரண்டு ஸ்பாஞ்ச் உருளைகளைப் போட்டு, மேலே என் பழைய பலகையை வைத்தேன். அதில் நின்று, பாயின் பிடிகம்புக்குப் பதிலாக ஒரு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் மனைவி கையில். அவள்தான் காற்று. எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போது தோன்றுகிறதோ அப்போது இழுக்க வேண்டும். இழுத்தால் நான் முன்காலை அழுத்தி இடுப்பை முன்னே தள்ள வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

முதல் இழுப்பிலேயே பழைய பழக்கத்தில் பின்னால் சாய்ந்து, உருளைகள் உருண்டு, பஞ்சுக் குவியலில் போய் விழுந்தேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கிட்டுப் போக முடியல. இப்ப நீங்களே கயிறு கொடுத்து இழுக்கச் சொல்றீங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இதுவே வேலையானது. தங்கையோடு போனில் பேசிக்கொண்டே இழுப்பாள். பேச்சில் சுவாரசியம் கூடினால் புயல், அலுத்தால் காற்று செத்துவிடும். எங்கள் ஏரியின் காற்றும் அச்சு அசல் அப்படித்தான் என்பதால் எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. மெல்ல மெல்ல முன்கால் தானாக அழுத்தக் கற்றுக்கொண்டது. ஒருநாள் மாமியார் சமாச்சாரம் பேச்சில் வந்து, விடாமல் இழுத்தாள். நான் விழவில்லை.

சகலைக்கு எதையும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவளுக்கும் கட்டளை.

போட்டியன்று காற்று தன் குணத்தைக் காட்டியது. அரை ஏரி கண்ணாடி, அரை ஏரி சுருக்கம். செயலாளர் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு விசில் ஊதினார்.

நல்ல காற்று ஒன்று வந்தது, விசிறினேன், எழும்பினேன். சகலை எனக்குப் பக்கத்திலேயே வந்தான். அடுத்த வீச்சு அறைந்தது. என் கண்ணுக்கு முன்னால் நாற்காலியில் மனைவி, காதில் போன். முன்காலை அழுத்தினேன். பலகை மட்டமாக ஓடியது. சகலை திரும்பிப் பார்த்து, வாயைப் பிளந்தான். அந்த வாயைப் பார்க்கத்தான் அத்தனை நாள் பஞ்சில் விழுந்தேன் என்று தோன்றியது.

சிவப்பு உருளையில்தான் என் பழைய வியாதி. பறந்தபடி திரும்ப எனக்கு வராது. வந்ததே இல்லை. மற்றவர்கள் பாயை அந்தப் பக்கம் தள்ளி, கால் மாற்றி, தண்ணீரைத் தொடாமல் வளைந்துவிடுவார்கள். நான் கீழே இறங்கி, வண்டி திருப்புகிற மாதிரி திருப்பி, அடுத்த காற்றுக்குக் காத்துக் கிடப்பேன். அன்றும் அப்படித்தான். நான் காத்திருக்கும் நேரம் முழுவதும் சகலை என்னைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருப்பான். விட்டுவிட்டுப் போனதே இல்லை. அன்றும் சுற்றினான். டாக்டரம்மா யாரோ ஒருவரோடு எங்களைக் கடந்து போனார். நான் அவர் முதுகையும் சகலை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். யோசிக்கிறானோ?

காற்று வந்தது. கரையை நோக்கி இருவரும் எழும்பினோம். பாதி வழியில் ஏரி முழுவதும் கறுத்துக்கொண்டு ஒரு வீச்சு, அன்றைய நாளுக்கே அதுதான் பெரியது. எனக்கு அது நல்ல கனமான இழுப்பு, அவ்வளவுதான். குனிந்து முன்னே தள்ளி நின்றுவிட்டேன். தீக்குச்சியை அது அப்படியே தூக்கியது. அவன் பலகை தண்ணீரை விட்டு முழுசாக வெளியே வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பின்னால் பெரிய சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். பாய் தண்ணீர் மேல் விரித்துக் கிடந்தது. பலகை பக்கத்தில் மிதந்தது. தலையைக் காணோம்.

கோபம், கோப்பை, டாக்டரம்மா எல்லாம் எங்கே போயிற்றோ. அவன் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டான் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. பாயைத் தள்ளினேன், கால் மாற்றினேன், அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எப்படி என்று இன்று கேட்டாலும் தெரியாது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தீக்குச்சி என்று அல்ல, அவன் சொந்தப் பெயரை.

பாயின் ஓரத்தை விலக்கிக்கொண்டு தலை வெளியே வந்தது. தண்ணீரைத் துப்பினான். தலை ஆடாமல், கை ஆடாமல் என்னையே பார்த்தான். நான் அவனைச் சுற்றி இன்னொரு வளைவு வளைந்துகொண்டிருந்தேன்.

"சகலை! நீங்க பறந்துக்கிட்டே திரும்பிட்டீங்க!"

"என்னது?"

"ரெண்டாவது தடவை திரும்பறீங்க இப்ப!"

நான் குனிந்து காலைப் பார்த்தேன். அதோடு சரி. தொபுக்கடீர்.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபோது அவன் தன் பலகையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடு ஏரியில், போட்டி நடக்கிற நேரத்தில், இரண்டு குடும்பஸ்தர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தோம். அடுத்த காற்று வர நேரமாயிற்று. கரைக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அதிலும் ஒருவருக்குப் பாய் கிழிந்திருந்தது.

டாக்டரம்மாவுக்கும் கோப்பை கிடைக்கவில்லை. செயலாளர் துண்டோடு எங்களிடம் வந்தார். நான் பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"என்னப்பா, யோசிச்சியா? பார்த்தேல்ல, உன் நேரம் எப்படிப் போச்சுன்னு?"

நான் தலையைத் துவட்டுகிற சாக்கில் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"யோசிச்சேன் சார்," என்றான் சகலை. "டாக்டரம்மாகூடப் போனா ஜெயிக்கலாம். ஜெயிச்சுட்டு வந்து யார்கிட்ட பீத்திக்கறது? இவர்கிட்டதான் வரணும். இவரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அப்புறம் அந்தக் கோப்பையில என்ன கஞ்சியா குடிக்கறது? எங்களை ஜோடியாவே போட்டுக்குங்க."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் துண்டை விட்டு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது, ஏரித் தண்ணீர் என்றேன். அவனும் ஆமாம், அழுக்குத் தண்ணீர் என்றான்.

"ஒரு மாசமா யோசிச்சியாடா இதை?"

"நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். பல்வலின்னுல்ல நெனச்சேன்."

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருக்க, சகலை நடுவில் நின்று துடைப்பத்தைப் பாயாகப் பிடித்துக்கொண்டு என் திருப்பத்தை நடித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் காற்று பெரிதாகிக்கொண்டே போயிற்று, நானும் கொஞ்சம் ஒல்லியாகிக்கொண்டே போனேன். கரையிலிருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நிஜமாவா? இவரா?"

"சத்தியமா அண்ணி. தண்ணிக்குள்ள இருந்து நான் பார்த்தேன்."

"அப்ப இனிமே கயிறு வேண்டாமா?" என்று கேட்டாள். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"கயிறா? என்ன கயிறு?" என்றான் சகலை.

எனக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள். பஞ்சுக் குவியலில் ஆரம்பித்து மாமியார் சமாச்சாரம் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய்ப் பட்டறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான்.

"வாங்க சகலை, ஏறி நில்லுங்க," என்றான் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு. "ஒரு பக்கம்தானே திரும்புனீங்க, அந்தப் பக்கம் திரும்ப இன்னும் வரலையே உங்களுக்கு."