ஆறாம் நம்பர் அழுக்கு

ஆட்டம் எப்படிப் போனது என்று யாரும் யம்னாவுக்கு வந்து சொல்ல வேண்டியதில்லை. கடைசி விசில் ஊதி அரை மணி நேரத்தில் பதினைந்து ஜெர்சிகள் அவள் முன்னால் குவிந்துவிடும். முழங்கை எங்கே கிழிந்திருக்கிறது, கழுத்துப்பட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது, எந்தப் பக்கம் புல்கறை என்று புரட்டிப் பார்த்தே யார் உயிரைக் கொடுத்து ஆடினான், யார் நின்று வேடிக்கை பார்த்தான் என்று சொல்லிவிடுவாள்.

ஸஃபி துறைமுகத்துக்குப் பின்னால், பார்வையாளர் மாடத்தின் படிகளுக்கு அடியில் இருந்தது அவளுடைய சலவை அறை. கணவன் இறந்த பிறகு வந்த வேலை. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. ஆனால் துறைமுகக் கால்பந்து அணியின் மேல் இருந்த பைத்தியம் அதற்கும் வெகுகாலம் முன்பே பிடித்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவளை ‘ஹால்தி’ என்பார்கள், அம்மாவின் தங்கையைக் கூப்பிடுவதுபோல. அவள் வாய்க்கு அவர்கள் கொஞ்சம் பயந்தார்கள்.

அந்தக் கோடையில் கிளப் தலைவரும் மீன்பிடிப் படகு முதலாளியுமான தெஹாமி வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலை மைதானக் கதவில் ஒட்டினார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மீலூத். ஒன்பது வருடமாக ஆறாம் நம்பர் போட்டு, பின்வரிசைக்கு முன்னால் நின்று, எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். நன்றி என்று ஒரு வார்த்தைகூட அந்தக் காகிதத்தில் இல்லை. அவனுக்குக் கொடுத்த சம்பளத்தில் காசாபிளாங்காவிலிருந்து கோல் போட ஒருவன் வந்து சேர்ந்தான்.

யம்னா சோப்புக் கையோடு தெஹாமியின் காரை மறித்தாள்.

“ஸீ தெஹாமி, ஏற்கெனவே ரெண்டு ஃபார்வர்டு இருக்கான். மூணாவதா ஒருத்தன். மூணு பேருக்கும் பந்தைக் கொண்டுவந்து குடுக்கறது யாரு? உங்க மீன்பிடிப் படகா?”

தெஹாமி கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு ஆட்டுத் தொடை அனுப்புகிறவர்தான்; ‘லல்லா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். “நீ உன் சோப்புத் தண்ணிய கவனி, லல்லா யம்னா. டீமை நான் கவனிச்சுக்கறேன்.”

“அந்தப் பையன் ஜெர்சிக்கு மட்டும் ஒன்பது வருஷமா ரெண்டு தடவை சோப்பு போட்டிருக்கேன். நீங்க கொண்டுவந்திருக்கற ஒன்பதாம் நம்பரைத் துவைக்கவே வேண்டாம், அப்படியே மடிச்சு வச்சிடலாம். இன்னும் சென்ட் வாசனை போகல.”

கார் போய்விட்டது.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. நடுவில் கதவில்லாத வீடு மாதிரி யார் வேண்டுமானாலும் வந்து போனார்கள். யம்னா ஒவ்வொரு திங்களும் தெஹாமியின் ஆள்சேர்ப்பைப் பற்றி மீன் சந்தை முழுக்கக் கேட்கும்படி பேசினாள். முப்பத்தி நாலு வயசுல ரெண்டு லெஃப்ட் பேக் எதுக்கு, ஒருத்தன் மூச்சு வாங்கும்போது இன்னொருத்தன் விசிறவா என்று கேட்டாள். சந்தை சிரித்தது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது ஆட்டத்தில் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. குவியலைப் பிரித்துக்கொண்டிருந்த யம்னாவின் கையில் ஆறாம் நம்பர் வந்தது.

புது ஜெர்சிகள் ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை கட்டாக வந்தபோது ஆறும் சேர்ந்து வந்திருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. இப்போது அது பிழிந்தால் சொட்டும்படி நனைந்து, இடது முழங்கையில் கிழிந்து, மார்பு முழுக்கச் சேறாக இருந்தது. யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டே துவைத்துப் போட்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே. அணி மறுபடி ஜெயித்தது. மூன்றாவது வாரம் அவள் அந்த ஜெர்சியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததும் திறந்தாள். உள்ளேயிருந்து சூடான வியர்வை வாடை முகத்தில் அடித்தது. ஜெர்சி மடித்து வைத்தபடியே இருந்தது. ஆனால் நனைந்திருந்தது. கழுத்துப்பட்டையின் வலது ஓரத்தில் பல் பதிந்த தடம்.

யம்னா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். பந்து தூரத்தில் இருக்கும்போது கழுத்துப்பட்டையின் வலது ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. சறுக்கி விழும்போது எப்போதும் இடது முழங்கையை ஊன்றுகிறவனும் அவன்தான்.

அடுத்த ஆட்டத்தை அவள் சலவை அறையின் கம்பி ஜன்னல் வழியாக, ஒரு நிமிடம்கூட நகராமல் பார்த்தாள். எண்ணினாள். ஒவ்வொரு முறை எண்ணியபோதும் பதினொன்றுதான் வந்தது. ஆனால் பின்வரிசைக்காரர்கள் நடுவில் யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளினார்கள். பந்து அங்கே போய் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தவனின் காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஜனம் கைதட்டியது. “மைதானம் சரிவா இருக்கறது நமக்கு நல்லதாப் போச்சு,” என்று மேலே படியில் ஒருவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் அவள் மீலூத்தின் வீட்டைத் தேடிப் போனாள். குயவர் மேட்டுக்குக் கீழே, மத்தி மீன் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போகும் சந்தில் இருந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தான். மனைவி ஹனியா புதினாத் தேநீர் வைத்தாள்.

“அவர் செத்துட்டிருக்கார், ஹால்தி,” என்றாள், விசாரிப்பதற்கு முன்பே. “மைதானம் பக்கமே போறதில்ல. மேட்சைப் பத்திப் பேசறதில்ல. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் படுக்கறார். மூணு மணிக்குத் தூக்கம் வந்துடுது. எழுப்பிப் பாத்தேன், கத்திப் பாத்தேன், தண்ணி ஊத்திப் பாத்தேன். அஞ்சு மணிக்குத்தான் கண்ணு முழிக்கறார். எழுந்தா நடக்க முடியல. போன வாரம் மெஷின்ல கை போகப் பாத்துது, நின்னுக்கிட்டே தூங்கியிருக்கார். டாக்டர் கேக்கறார், உன் புருஷன் ஓய்வே எடுக்கறதில்லையான்னு.”

“மூணு மணிக்கா?”

“மூணு மணிக்கு.”

அந்த ஞாயிறும் உள்ளூரில்தான் ஆட்டம். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக யம்னா மைதானத்துக்குப் போகாமல் அந்த வீட்டில் உட்கார்ந்தாள். மீலூத் அவளைப் பார்த்துச் சிரித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “என்ன ஹால்தி, துணிக்கு லீவா?” என்று கேட்டுக்கொண்டே திண்டில் சாய்ந்தான். அடுத்த வார்த்தை வாயில் இருக்கும்போதே கண் மூடிவிட்டது. மைதானத்தின் பக்கமிருந்து விசில் சத்தம் மெலிதாகக் காற்றில் வந்தது.

முதலில் அவன் விரல்கள் சுருங்கின. பிறகு மூச்சு ஏறியது, மேடு ஏறி ஓடுகிறவனைப் போல. கால்கள் அசையவில்லை, ஆனால் தொடைத் தசைகள் தோலுக்கு அடியில் இறுகின, தளர்ந்தன, இறுகின. நெற்றி வியர்த்துத் திண்டு நனைந்தது. யம்னா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கல்லை உலுக்குவதுபோல் இருந்தது.

“காலைப் பாருங்க,” என்றாள் ஹனியா, ஒட்டாத குரலில்.

அவன் முழங்காலுக்குக் கீழே, வெறும் தோலில், மூன்று சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றின. அவை கண் முன்னாலேயே கறுத்து வீங்கின. பூட்ஸின் ஆணித் தடம். அதே நேரம் மைதானத்திலிருந்து “ஃபவுல்! ஃபவுல்!” என்று ஆயிரம் பேர் கத்தும் ஓசை வீட்டுக்குள் வந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் கண் திறந்தான். உதடு உலர்ந்திருந்தது. கேட்ட முதல் கேள்வி: “நாம ஜெயிச்சமா?”

நாம என்றான். யம்னாவுக்கு அழுகை வந்தது.

தெஹாமியின் அலுவலகத்துக்கு அவள் மறுநாள் காலையிலேயே போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியம் என்று துரத்துவார், அல்லது பயந்துபோவார் என்று நினைத்திருந்தாள். அவர் பேரீச்சம்பழத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துக்கோ. எனக்குத் தெரியும், லல்லா.”

“என்ன தெரியும்?”

“நான் மேலேருந்து பாக்கறவன். பந்து எங்க போகுது, எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? நடுவர் எண்ணினா பதினொண்ணு. போட்டோ எடுத்தா பதினொண்ணு. யாரு குத்தம் சொல்ல முடியும்?”

“அப்ப அவனைத் திரும்பச் சேத்துக்கோங்க. உடம்போட வந்து ஆடட்டும்.”

“எதுக்கு?” அவர் உண்மையிலேயே புரியாதவர்போல் கேட்டார். “அவனைச் சேத்தா ஒருத்தனை வெளிய எடுக்கணும். பதினொண்ணுதான் நிக்கும். இப்ப பன்னெண்டு நிக்குது. நீதானே ஊரெல்லாம் சொன்னே, ஆள் எடுக்கத் தெரியாதவன்னு? நாலு மேட்ச் தோத்தப்ப எனக்கும் புரியல. இப்பப் புரிஞ்சுது. யாரைச் சேக்கறோம்ங்கறது பெரிசில்ல, யாரை விடறோம்ங்கறதுதான். சும்மா வந்து போறவனை விட்டா அவன் போயிடுவான். யாருக்கு இந்த டீம் மேல உயிரோ, அவன் போகமாட்டான்.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. “வர்ற கோடையில இன்னும் ரெண்டு பேரை விடப்போறேன்.”

“அவன் செத்துப்போயிடுவான், ஸீ தெஹாமி.”

“அல்லா காப்பாத்துவான். பழம் எடுத்துக்கோ.”

யம்னா அலமாரிச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிப் பேரீச்சம்பழத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தூங்கிவிட்டால் அவனை எழுப்ப முடியாது. ஆகவே தூங்கவே விடக்கூடாது என்று அவளும் ஹனியாவும் முடிவு செய்தார்கள். ஞாயிறு இரண்டரை மணிக்கே அவனைக் கிளப்பிக் கடலோரச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மணி அடித்ததும் அவன் முழங்கால் மடங்கியது. ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கிக்கொண்டார்கள்.

“விடுங்க ஹால்தி. கூப்பிடறாங்க.”

“யாரு கூப்பிடறா?”

“நடுவுல யாருமில்ல. பெரிய ஓட்டை. எனக்கு இங்கேருந்தே தெரியுது.” அவன் அழுதான். “உங்களுக்குத்தான் தெரியுமே, நான் இல்லன்னா கோல் விழும்னு. நீங்களே சொல்லுவீங்களே.”

“சொல்லுவேன்தான். விழட்டும். நடப்பா.”

அப்படிச் சொல்ல அவளுக்கு நெஞ்சு வலித்தது. காற்றில் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. உள்ளூர் ஜனம் கோல் வாங்கும்போது விடுகிற மூச்சு அது; எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். சற்று நேரத்தில் இன்னொன்று. அந்த ஓட்டையை அடைக்க ஒன்பதாம் நம்பர் கொஞ்சம் கீழே இறங்கி வந்தால் போதும், அந்தச் சோம்பேறிக்கு யார் சொல்வது என்று அவள் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. கால்கள் மட்டும் நிற்காமல் நடந்தன. அன்று அணி மூன்று கோலில் தோற்றது. மீலூத் அன்றிரவு ஒரு முழு ரொட்டி சாப்பிட்டான் என்று ஹனியா சொன்னாள். மார்ச் மாதத்துக்குள் அவன் கன்னத்தில் சதை வைத்தது. அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தது.

ஜூன் மாதம் கதவில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டு பெயர்கள். கோல்கீப்பர் ஜிலாலி, பதினாலு வருடம் ஆடியவன். ஒவ்வொரு கோலுக்கும் மார்பில் இருந்த சின்னத்தை முத்தமிட்ட இடப்பக்க ஓட்டக்காரன் அய்யாத். யம்னா அன்றே இரண்டு வீடுகளுக்கும் போனாள். இருவரும் அவளை நம்பவில்லை. ஆனால் ஹால்தி கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதவர்கள். செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று இரண்டரை மணிக்கு, மீலூத் காத்திருந்த கடலோரச் சாலைக்கு வந்து சேர்ந்தார்கள், கடலைப் பொட்டலம் கொறித்துக்கொண்டு, நீண்ட விடுமுறையில் இருப்பவர்கள்போல.

விசில் ஊதியதும் பேச்சு நின்றது. அய்யாத் அவர்கள் நடந்த திசையை விட்டு ஓட ஆரம்பித்தான். மீலூத் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கோ. தொண்ணூறு நிமிஷம்தான்.”

அவர்கள் கைகோத்து நடந்தார்கள். எதிரே வந்த குடும்பங்கள் இந்தப் பெரிய ஆண்களை வேடிக்கை பார்த்தன. தெஹாமி வரும் கோடையில் இன்னும் யாரை விடுவார், அப்போது இந்தச் சாலையில் எத்தனை பேர் நடப்பார்கள் என்று யம்னா எண்ணிக்கொண்டு வந்தாள். மைதானத்தில் திடீரென்று கூட்டம் எழுந்து இரைந்தது. பெனால்டியாக இருக்கவேண்டும்.

பக்கத்தில் ஜிலாலி நின்றுவிட்டான். அவனுடைய இரண்டு கைகளும் அவன் கேட்காமலேயே மேலே எழுந்தன. விரல்கள் விரிந்தன. பட் என்று ஒரு சத்தம், மிக அருகில்.

ஜிலாலி தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். இரண்டும் சிவந்து, ஈரச் சேறு ஒட்டியிருந்தது. மைதானத்தில் ஜனம் ஆனந்தக் கூத்தாடிக்கொண்டிருந்தது.

யம்னா அவன் மணிக்கட்டுகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மேலங்கி நுனியால் அவன் கைகளைத் துடைத்தாள். “நில்லாதப்பா,” என்றாள். “இன்னும் அறுபது நிமிஷம் இருக்கு.”