மூன்று செட்

மாமனார் என் கடைக்குள் வந்தபோது ஜெராக்ஸ் மெஷின் இன்னும் சூடாகவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். என் மனைவியின் இறப்புச் சான்றிதழ், அவளுடைய இன்சூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கம், அவருடைய அடையாள அட்டை, அவருடைய பாஸ்புக்.

"மூணு செட் போடுங்க மாப்ள. மத்தியானத்துக்குள்ள குடுக்கணுமாம்."

மைத்துனன் வெளியே பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பாலிசி அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் எடுத்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகவில்லை. நாமினி இடத்தில் அவள் அப்பா பெயர் இருந்தது. கல்யாணமாகி, பாப்பா பிறந்து, அவளுக்கு நாலு வயதும் ஆனது. அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. மாற்றும் படிவத்தை என் மனைவியேதான் வாங்கி வந்தாள். நாமினி பாப்பா, காப்பாளர் நான். கட்டங்களை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். என் கையெழுத்தும் என் அடையாள அட்டையின் ஒரு நகலும்தான் பாக்கி. ஒரு நாளைக்கு எண்ணூறு நகல் எடுக்கிறவன் நான். பாலிசித் தாளோடு வருகிறவர்களிடம், நாமினி பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லவும் செய்வேன். எங்கள் படிவம் ஃபிரிட்ஜ் மேல் ஏழு மாதம் கிடந்தது. எங்களில் யாரோ அதன் மேல் எண்ணெய்ப் பாட்டிலை வைத்து எடுத்ததில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் போடுறீங்க. எனக்கு ஒரு தாள் போடக் கூடாதா? வேணும்னா காசு குடுத்துடறேன்" என்றாள் ஒருநாள்.

"நாளைக்கு."

"எந்த வருஷத்து நாளைக்கு?"

பிறகு ஒன்பது நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

போன வாரம் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குத் தனியாகப் போய்க் கேட்டேன். படிவத்தைத் திருப்பிப் பார்த்த பெண், அவங்க உயிரோட இருக்கும்போதே இது வந்திருக்கணும் சார் என்றாள். பாப்பா பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தாங்கும் என்று என் மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்த பணம், அவள் அப்பாவின் கணக்கில்தான் விழும். அப்புறம் அவர் மனசு.

மெஷினில் பச்சை விளக்கு வந்தது. சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.

"அவன் ஒரு லாரி பாத்து வச்சிருக்கான் மாப்ள" என்றார் மாமனார், பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு. "முன்பணம் கட்டிட்டா வண்டி நமக்கு. ஓட ஆரம்பிச்சா மாசா மாசம் பாப்பாவுக்குன்னு ஒரு தொகை... நம்ம பாப்பாவ விட்டுடுவமா."

"சரிங்க மாமா."

இந்த 'சரி'யைக் கேட்டிருந்தால் அவள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

பாலிசி. அட்டை. பாஸ்புக். ஒவ்வொன்றிலும் மூன்று. வாசலில் மைத்துனன் தலையை மட்டும் நீட்டினான். "என்னப்பா, மச்சான் புஸ்தகமா அடிக்கிறாரு?" யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

படிவம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்தேன். கண்ணாடியில் வைத்து மூன்று என்று அழுத்தினேன். வெளிச்சம் மூன்று முறை போய் வந்தது. எண்ணெய் வட்டமும் சேர்ந்து விழுந்திருந்தது. செட்டுக்கு ஒன்றாக அடியில் வைத்துப் பின் அடித்து நீட்டினேன்.

மாமனார் விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். நாலுக்கு அப்புறம் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது அவ கையெழுத்துல்ல?"

"ஆமா மாமா."

"ஏன் குடுக்கல?"

ஆஸ்பத்திரி, அலைச்சல், ஆபீஸில் கூட்டம். சொல்ல எத்தனையோ இருந்தது.

"ஜெராக்ஸ் எடுக்கல மாமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். அடுக்கி வைத்த தாள் கட்டுகளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவர் திரும்பவில்லை. மறுபடி தாளுக்குக் குனிந்து, அவள் நிரப்பிய கட்டங்கள் மேல் ஒவ்வொன்றாக விரலை நகர்த்தினார். பாப்பாவின் பெயரைத் தாண்டி, என் பெயரைத் தாண்டி, கையெழுத்துப் போடாத என் கட்டத்தில் விரல் நின்றது. மெஷின் மூடியை நான் மூடவில்லை. கண்ணாடி மேல் அசல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது.