கசுமியின் சொந்த மெட்டு

பதினாறு வயதில் கசுமி ஒரு பொய் சொன்னாள். சின்னப் பொய்தான். அது பதினொரு தொகுதி மங்கா சித்திரக்கதையாக வளர்ந்து, இப்போது சினிமாவாகவும் ஆகப்போகிறது.

பள்ளி இசை அறையில் அவள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தோழி தொமோயோ வாயைப் பிளந்து, "நீயே போட்டதாடி?" என்று கேட்டாள். கசுமி "ம்" என்றாள். உண்மையில் அது அவள் வீட்டு வெந்நீர் இயந்திரம், குளியல் தொட்டி நிறைந்ததும் பாடுகிற மெட்டு. ஊரில் பாதி வீடுகளில் தினமும் சாயங்காலம் கேட்பதுதான். ஆனால் தொமோயோ வீட்டில் குளியலறையே கிடையாது. தெருமுனைப் பொதுக் குளியலுக்குப் போகிறவளுக்கு எப்படித் தெரியும்?

பள்ளி விழாவில் வாசிக்கலாம் என்று அவள் கெஞ்சியபோதெல்லாம், "அது நமக்கு மட்டும்டி" என்று கசுமி தட்டிக் கழித்தாள். தொமோயோ அதை நட்பின் உச்சமாக எடுத்துக்கொண்டாள். பின்னாளில் மங்கா வரையப் போனவள், இரண்டு பெண்கள், ஒரு கிட்டார், ஒரு மெட்டு என்று கதை கட்டினாள். எட்டாம் தொகுதியில் அந்த மெட்டுக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம், ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்கள் அழுதார்களாம். காகிதம் பாடாது என்பது கசுமி செய்த புண்ணியம்.

சினிமா பாடும். அதனால்தான் தொமோயோ இன்று இசையமைப்பாளர் ஒகுதாவைக் கூட்டிக்கொண்டு டோக்கியோவிலிருந்து கசுமியின் ஊரான மட்சுயேவுக்கே வந்துவிட்டாள். போர்வை போட்ட கணப்பு மேசைக்குள் மூவரும் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். கசுமிக்கு மட்டும் ஒரு சுளைகூட இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் போன் செய்கிற ஒரே தோழி. இன்றோடு அந்த போன் நின்றுபோகும்.

"பாடுடி. பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கே."

"தொண்டை கட்டியிருக்கு."

"காலையில போன்ல புருஷனைத் திட்டினப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

அந்தப் புருஷன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அங்கே வழக்கப்படி விருந்தாளிதான் முதலில் குளிக்க வேண்டும். அந்த மரியாதை தெரிந்த மனிதர், யாரையும் கேட்காமல் சமையலறைச் சுவரிலிருந்த வெந்நீர்ப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார்.

"தொமோ, அந்த மெட்டு இருக்கே..." என்று கசுமி ஆரம்பித்தாள்.

சமையலறைச் சுவர் பாடியது. முழு மெட்டையும் பாடி, குளியல் தயார் என்றும் அறிவித்தது. கசுமிக்குக் காது சுட்டது. ஒகுதா உரிப்பதை நிறுத்தினார். தொமோயோ கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"உன்னை விட நல்லாப் பாடுது."

"தொமோ, நான் பொய்..."

"தெரியும்டி, பன்னெண்டு வருஷமா. சொந்த வீடு வாங்கினேனே, அன்னைக்கு சாயங்காலமே என் வீட்டுப் பெட்டியும் பாடிச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் தோழி மெட்டைத் திருடிட்டீங்கன்னு கம்பெனிக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினேன்."

ஒகுதாவுக்குத் தேநீர் புரை ஏறியது.

"ரொம்ப மரியாதையா பதில் போட்டாங்க. உங்க தோழி அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னாலேயே இது எங்க மெட்டுன்னு. கூடவே அன்பளிப்பா கம்பெனி பேர் போட்ட ஒரு துண்டு."

"கோவம் வரலையாடி?"

"வந்துச்சு. மூணு நாள். நாலாம் நாள் இந்த மங்காவோட முதல் தொகுதியை வரைய உட்கார்ந்தேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லலே. சரின்னு கடைசித் தொகுதியில நானே எல்லாத்தையும் வரைஞ்சுட்டேன். வெந்நீர்ப் பெட்டி, கடிதம், துண்டு, எல்லாம்."

"மேடம், நான் அழுத இடம் அதுதான்," என்றார் ஒகுதா கசுமியிடம் பணிவாக. "படத்துலயும் இந்த மெட்டுதான். நீங்க எப்படிப் பாடுவீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

தொமோயோ தோழியைக் கூர்ந்து பார்த்தாள். "கடைசித் தொகுதியைப் படிச்சேன், அழுதேன்னு போன்ல சொன்னியே. எந்த இடத்துலடி அழுதே?"

கசுமி எட்டாம் தொகுதியைத் தாண்டவே இல்லை. தன் பொய் மேலும் வளர்வதைப் பார்க்கப் பயம். இப்போதுதான் நிஜமாகவே அழுதாள்.

தொமோயோ பைக்குள் கைவிட்டு, நைந்துபோன ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் கம்பெனி பெயர் பாதி அழிந்திருந்தது.

"துடைச்சுக்கோ. உன் மெட்டுக்குக் கிடைச்ச சன்மானம் இது ஒண்ணுதான்."