பேசியது அவரில்லை

தலையணையை உருவுவதற்காகக் கமலவேணி கணவனின் தலையைத் தூக்கியபோது அது அவள் கைக்குள் சாய்ந்தது. பத்து நாளாகக் கட்டை மாதிரி விறைத்துப் பின்னால் வளைந்திருந்த கழுத்து. தொட்டாலே அப்பாசாமி அலறுவார். இப்போது சத்தமே இல்லை.

"போயிட்டாரு தம்பி" என்றாள்.

வாசலில் நின்ற கொழுந்தன் மருதமுத்து வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே அவளிடம் அவன் பேசுவதில்லை.

காரணம் அவர்கள் குடியிருந்த காஜா பெராங் பகுதியின் வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்ததுதான். தலைவலியும் வாந்தியுமாகப் படுத்த அப்பாசாமி ஒரு காலையில் தண்ணீர்ச் சொம்பை அவள்மேல் வீசினார். "சயாம் ரயிலுக்கு ஆள் புடிக்கிறவன்கிட்ட என் பேரக் குடுத்தது நீதாண்டி!" ஜப்பான்காரன் போடும் அந்த ரயில் பாதைக்குப் பிடித்துப்போன ஆட்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. பதினான்கு வருடத்தில் ஒருநாளும் அவளை 'டி' போட்டு அழைக்காதவர். நினைவு தப்பும்வரை தினமும் அதே கூச்சல். சாகக் கிடக்கிற மனுஷன் சும்மாவா சொல்வான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது.

மதியம், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக வைத்தியம் பார்க்கும் டிரஸர் பொன்னுதுரை சைக்கிளில் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"டிரஸரய்யா, ஒண்ணு கேக்கணும். இவரு என்னப் பத்திச் சொன்னதெல்லாம்..."

தரையைப் பார்த்தபடி மருதமுத்துதான் சொல்லி முடித்தான்.

"போன மாசம் ஒரு வாத்தியார் இதே வியாதியில போனாரு" என்றார் பொன்னுதுரை. "பெத்த தாயப் பாத்து ஜப்பான்காரன்னு சொல்லிக் கடிக்கப் போனாரு. நெஞ்சுல இருக்கிற காசநோய் மூளைக்கு ஏறிட்டா அப்படித்தாம்மா. பேசுனது வியாதி. அவரு இல்ல."

கமலவேணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

புது வேட்டி கிடைக்காத காலம். அவளுடைய சேலை ஒன்றைப் போர்த்தித்தான் தூக்கிப் போனார்கள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கோடு மருதமுத்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணி, சாப்பிடுங்க." தட்டைக் கீழே வைத்தபடி, "நான் வந்து..." என்று இழுத்தான்.

"விடுங்க தம்பி."

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். இன்னொரு துண்டு எடுத்தாள். நல்ல பசி.

"உப்பு இருக்கா தம்பி?"

அவன் விறுவிறுவென்று வெளியே போனான். பக்கத்து வீட்டுக் கதவை அவன் தட்டுவது கேட்டது.